பாலமுனை றுமானா எந்தக் குடி

கவிஞர்களின் எச்சிலை வெட்டி எறிவதுதான் இப்றாஹிமின் உத்தியோகம். நியமனக் கடிதத்தில் மட்டும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கும் கரையோரச் சேவையின் இரண்டாம் கலையகத்தில், காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு கவிஞரின் குரலைக் கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'தாயே' என்ற சொல்லுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம். 'தாயே'க்குப் பின்னால் தொண்டையில் எதுவோ ஏறி, சற்று யோசித்து, திரும்பி இறங்குகிற சத்தம். ஹெட்போன் என்பது மனிதர்களை அவர்களுடைய மனைவிமாரை விடவும் கிட்டக் கொண்டுவந்து விடுகிற சாமான். எந்தக் கவிஞருக்குப் பல் கட்டியிருக்கிறது, எவர் ஒலிப்பதிவுக்கு முன் வெற்றிலை போட்டார், எவருக்கு மூக்கில் சளி என்பதெல்லாம் இப்றாஹிமுக்குத் தெரியும். அவர்களுடைய கவிதைகளில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எச்சில் போனபிறகு இரட்டிப்புகள். மேடையில் கைதட்டு வாங்குவதற்காக ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்லிப் பழகியவர்கள் கலையகத்தின் நான்கு சுவர்களுக்கும் இரண்டு தரம் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். இரட்டிப்புகளை வெட்டினால் பாதி போய்விடும். இரட்டிப்புகளுக்கு நடுவில் விட்ட இடைவெளிகளை வெட்டினால் மிஞ்சுவது ஒரு பூச்சிநாசினி விளம்பரத்தை விடச் சிறியது. "என்ட கவிதையில மிச்சம் எங்க இப்றாஹிம் காக்கா?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். குப்பைத்தொட்டியில் என்று சொல்ல வாய் வந்தது. "தொழில்நுட்பக் கோளாறு" என்றார். அரச வானொலியில் எல்லாக் கேள்விக்கும் அந்த விடை இருந்தது.

"அரியண்டம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் கொட்டாவி விடுவதைப்போல அவருக்கு அந்த அருவருப்பு தானாக வரும்.

அவரும் ஒரு காலத்தில் ஒரு கட்டுக் கவிதையோடு நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி இந்தப் படியில் ஏறியவர்தான். வானொலி கவிதையின் வீடு என்று நினைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே உர விநியோக அறிவித்தலும், நெல்லில் விழும் கபிலத் தத்திக்கு எந்த மருந்து அடிப்பது என்ற உரையாடலும், மரண அறிவித்தலும் குடியிருந்தன. அரசாங்கம் மாறும்போதெல்லாம் வரவேற்பறையில் படம் மாறியது, முகப்பிசை மாறியது, பணிப்பாளர் மாறினார். இப்றாஹிம் மாறவில்லை. அவருடைய தலையில் மயிர் மட்டும் குறைந்தது. இடையில் சொந்தச் செலவில் இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டார். இரண்டின் தலைப்பிலும் நிலா இருந்தது. இரண்டாவது நிலாவின் வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை ஒரு அரிசி ஆலை முதலாளி பொன்தாள் சுற்றியபடியே வாங்கி, படத்துக்கு நின்று, கதிரையில் வைத்துவிட்டுப் போனார். விழா முடிந்து ஆட்கள் கலைந்தபோது, ஒலிபெருக்கிப் பெட்டி ஆடாமல் இருக்க அதன் காலுக்குக் கீழே ஒரு நிலா மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை உருவி எடுத்தால் பெட்டி சரியும். எடுக்காமலே வந்துவிட்டார்.

பாலமுனை றுமானா பிறந்தது ஒரு மழை நாளில். சனிக்கிழமைப் பின்னேரம் நேரடியாகப் போகும் 'கரைக்காற்று' கவிதை நிகழ்ச்சிக்கு வரவேண்டிய கவிஞரின் மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் நின்றுவிட்டது. நிகழ்ச்சியில் ஒரு ஓட்டை. தன் கவிதையைப் போட முடியாது. உத்தியோகத்தர்கள் தங்கள் ஆக்கங்களைத் தாங்களே ஒலிபரப்பக்கூடாது என்பது அந்தச் சேவையில் மீறப்படாத ஒரே சட்டம். இப்றாஹிமின் சட்டைப்பையில் ஒரு கடதாசி இருந்தது. அன்று மத்தியானம் சோறு போடும்போது மனைவி நதீரா சொன்ன கதை. சும்மா குறித்து வைத்திருந்தார்.

அந்தக் கரையில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. உம்மாவும் வாப்பாவும் பின்னால் இரண்டு அறை இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மகள் முஸ்பிறாவைக் கட்டிக் கொடுத்து, நதீராவின் வீட்டையும் கொடுத்து அப்போது மூன்று மாதம். இப்றாஹிம் அந்தக் கடதாசியை வரிவரியாக உடைத்தார். கடைசியில் இரண்டு வரி சேர்த்தார். ஒரு இடத்தில் சற்றுச் செப்பனிட்டார். பேசுவது ஒரு பெண் என்பதால் பெண்பேர் ஒன்று வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஊர்ப்பேர் இல்லாமல் எந்தக் கவிஞரும் வெளியே இறங்குவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸில் பாலமுனை என்று எழுதியிருந்தது. அறிவிப்பாளர் சிவரூபினி வாசித்தாள்:

வீட்டைக் கொடுத்தோம்
விளக்கையும் கொடுத்தோம்
கிணற்றில் பாதி கொடுத்தோம்.
இப்போது
நான் கூட்டிய வாசலில் நின்று
நான் பூசிய கதவுக்கு
ஸலாம் சொல்கிறேன்.
உள்ளே இருந்து மகள்
'வாங்க உம்மா' என்கிறாள்.
விருந்தாளியாகிவிட்டேன்
என் வீட்டுக்கு.

சிவரூபினி ஆலையடிவேம்புக்காரி. எந்தக் குப்பையையும் கூட்டிக் கோலம் போட்டு வைத்துவிடக் கூடிய குரல். அன்று அவள் கோலம் போடவில்லை. வெறுமனே வாசித்தாள். வாசித்து முடித்து மைக்கை மூடிவிட்டு, "இது ஆர் சேர் இந்தப் பொம்புள?" என்று கேட்டாள். பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நின்றது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான்.

ஒன்பது வருடமாக றுமானா எழுதினாள். அதாவது நதீரா சமையலறையில் கதைத்தாள், இப்றாஹிம் உடைத்தார். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் 'பெண்மொழி' பற்றி நீண்ட கட்டுரை எழுதி, இந்த வரிகளை எந்த ஆணாலும் எழுத முடியாது என்று நிறுவினார். அதே மனிதர்தான் இப்றாஹிமின் இரண்டாவது நிலாவைப் பற்றி, கவிஞர் இன்னும் பூமிக்கு வந்து சேரவில்லை என்று எழுதியவர். கட்டுரையை இப்றாஹிம் மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் பெருமையாக இருந்தது. மூன்றாம் தரம் வாயில் ஏதோ பழைய எண்ணெய் ஒட்டிய மாதிரி இருந்தது.

சேவையின் ஆண்டு விழாவில் றுமானாவுக்குக் 'கவித்தாரகை' பட்டம் கொடுப்பது என்று பணிப்பாளர் அப்துல் கபூர் வானொலியில் அறிவித்தபோதுதான் பிசகியது. அறிவித்த மறுநாளே பாலமுனையிலிருந்து மீராமுகைதீன் ஹாஜியார் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கிராம சேவகர். ஊரில் எந்தக் கோழி எந்த வீட்டுக் கோழி என்று தெரிந்தவர் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. கலையகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குளிரூட்டிக்கு நேரே உட்கார்ந்தார்.

"தம்பி, றுமானா எண்டு ஒரு ஆள் எங்கட ஊர்ப் பேரப் போட்டுக் கவி சொல்றா. அவ எந்தக் குடி?"

குடி என்பது அந்த ஊர்களில் உம்மா வழியாக வரும் வம்சம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறக்கும்போதே ஒட்டிவிடும். கலியாணம், சாவு, பள்ளிவாசல் நிர்வாகம், கந்தூரி விருந்தில் சட்டி எந்த வரிசையில் வைப்பது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இப்றாஹிம் றுமானாவுக்குப் பேர் வைத்தார், ஊர் வைத்தார். குடி வைக்க மறந்துவிட்டார்.

"கவிதைக்குக் குடி என்னத்துக்கு ஹாஜியார்?"

"நாளைக்கி அவ மௌத்தாப் போனா மையித்த ஆர் எடுக்கிற? கவிதையா வந்து எடுக்கும்?" ஹாஜியார் குடையைச் சுவரில் சாய்த்தார். "எங்கட ஊருல மூணு றுமானா இரிக்கி தம்பி. ஒண்டு தொட்டில்ல. ஒண்டு கட்டாரில வூட்டு வேல. மத்தவ என்ட சாச்சி. அவ கோவம் வந்தா மட்டுந்தான் கவி பாடுவா. அதுகள றேடியோவில போட ஏலா."

அந்த இடத்தில்தான் இப்றாஹிம் வழுக்கினார். "அது சொந்தப் பேர் இல்ல ஹாஜியார். புனைபெயர். வெளிய தெரிய அவவுக்கு விருப்பமில்ல."

ஹாஜியார் சற்று நேரம் குளிரூட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாக ஏறியது.

"அப்ப ஆராயும் இரிக்கலாம்."

"ஓம்."

"எங்கட குடியாயும் இரிக்கலாம்."

 ஹாஜியாருக்கு விடை வேண்டியிருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லி, மணமகன் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வரும் மனிதரைப்போல் படியிறங்கினார்.

அடுத்த கிழமை பணிப்பாளர் கூப்பிட்டார். அப்துல் கபூருக்கு வானொலிக்கு முன்னால் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் ஒன்றில் அனுபவம் இருந்தது. அங்கே கற்றதை இங்கே பாவித்தார்.

"சந்தோசமான விசயம் இப்றாஹிம். றுமானா புடிபட்டுட்டா."

"எங்க சேர்?"

"பாலமுனையிலதான். ஹாஜியார்ட மருமகள், தங்கச்சிட மகள். கமீலா எண்டு, பாலர் பாடசாலையில படிப்பிக்கிறா. ஏழுகூரைக் குடி. மணற்காட்டுக் குடிக்காரனுகளும் ஒரு ஆளக் கொண்டு வந்தாங்க. அவ வயசு கூட. மேடைக்கு எடுபடாது."

"சேர், அவ அந்த ஆள் இல்ல."

"நீங்க றுமானாவக் கண்டிரிக்கீங்களா?"

இப்றாஹிம் தன் கைகளைப் பார்த்தார். "இல்ல."

"நான் கமீலாவக் கண்டிரிக்கன். இப்ப ஆர்ட கதைய நம்புற?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விசாரணை. ஒன்பது வருடம் சட்டத்தை மீறியதற்கு ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அதைக்கூடத் தாங்கலாம். கல்முனைச் சந்தை வாசல் தேத்தண்ணிக்கடையில் இனி மௌத்தாகும்வரை அக்கா முறை சொல்லி 'றுமானா லாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால், அவர் எழுதியவற்றில் கவிதை என்று சொல்லக்கூடிய ஒரே சொத்து ஏழுகூரைக் குடிக்குப் போய்விடும். நிலாக்கள் இரண்டும் அவருக்கு மிஞ்சும். மேசையில் பணிப்பாளரின் பாதி கடித்த பற்றிஸ் இருந்தது. அதன் உள்ளே இருந்த மீன் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. எழும்பி வந்துவிட்டார்.

ஒத்திகைக்கு வந்த கமீலாவை வெறுப்பதற்கு இப்றாஹிம் நன்றாக ஆயத்தமாகியிருந்தார். கள்ளி, பூச்சுக்காரி, வாய்க்காரி என்று மூன்று சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தார். வந்தவள் முப்பது வயதுகூட இருக்காத, கண்ணாடி போட்ட, பாலர்களின் மெழுகுக் கலர் நகத்தில் ஒட்டிய ஒரு பெண். சிவரூபினி தேத்தண்ணி எடுக்கப் போனதும் கமீலா குரலைத் தாழ்த்தினாள்.

"சேர், எனக்கு ஒரு கவியும் எழுதத் தெரியா."

"தெரியும்" என்றார் இப்றாஹிம்.

"மாமா சொல்றாரு, ஊர்ப்பேர் அந்தரத்துல நிக்கிதாம். ஆராவது ஒராள் போய்க் கீழ நிக்கத்தானே வேணுமாம். நான் ஓமெண்டது அதுக்கில்ல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கும் வூடு தந்துதான் கட்டி வெச்சாங்க சேர். எங்கட உம்மா இப்ப பின்னால அறையில. அந்தக் கதவுக் கவி கேட்ட நாளில இருந்து, உம்மாட செருப்புச் சத்தம் கேட்டா நான் எழும்பிப் போய்க் கதவத் துறந்துடுவன். அவ ஸலாம் சொல்ல முன்ன துறந்துடுவன். உண்மையான றுமானா வந்து கோவிக்க மாட்டாவே?"

முப்பது வருடத்தில் இப்றாஹிமின் எந்த எழுத்தைப் பற்றியும் எவரும் சொல்லாத பாராட்டு அது. எழும்பி நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய பாராட்டு. பக்கத்து வீட்டுக்கு வந்த பொதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார்.

"அவ என்ன மாதிரி ஆள் சேர்?"

"சமைக்கிற நேரம் கதைப்பா" என்றார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். முப்பத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில், அந்த ஒரு வசனத்துக்கு மேல் அவரிடம் இருக்கவில்லை. தன்மேல் வந்த அருவருப்பைக் கமீலாவின் உச்சரிப்பில் காட்டி, "'வாங்க உம்மா'வுக்கு அழுத்தம் குடுங்க" என்று அதட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது நதீரா பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். முன்வீட்டிலிருந்து முஸ்பிறாவின் தொலைக்காட்சியில் யாரோ மருமகளைக் கன்னத்தில் அறைந்தார்கள். வானொலித் தயாரிப்பாளரின் வீட்டில் வானொலி போடுவதில்லை. நாள் முழுக்க உங்கட சத்தம் கேட்டதே காணும் என்பது நதீராவின் கட்சி.

இப்றாஹிம் எல்லாவற்றையும் கொட்டினார். ஹாஜியார், பணிப்பாளர், பற்றிஸ், குடி, கமீலா. கள்ளக் கூட்டம் என்றார். அரியண்டம் என்றார். நதீரா திருவியபடியே கேட்டாள்.

"அந்த றுமானா ஆரு?"

"நான்தான்."

நதீரா சிரித்தாள். கட்டிய நாளிலிருந்து அவர் சொன்ன எந்தப் பகிடிக்கும் இப்படிச் சிரித்ததில்லை. சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, "படிங்க பாப்பம்" என்றாள்.

கதவுக் கவிதையைப் படித்தார். வழக்கமாக மேடையில் படிப்பதுபோல் கையை உயர்த்தப் போனவர், பாதியில் கையை இறக்கிவிட்டார். திருவலைச் சத்தம் நின்றிருந்தது.

"திருப்பிப் படிங்க."

திருப்பிப் படித்தார்.

"இத நான் ஆருக்குச் சொன்ன?"

"எனக்கு."

"உங்களுக்குத்தானே சொன்ன. ஊருக்கா சொன்ன?"

"உன்ட பேர் போடல்லையே நதீரா. என்ட பேரும் போடல்ல."

"அதத்தான் கேக்கன். கதை என்ட, கை உங்கட, பேர் ஆர்டயோ. இப்ப அந்தப் பேருக்கும் ஒருத்தி வந்து நிக்கிறாள். நல்ல குடும்பம்." தேங்காய்ப் பாதியைத் திருப்பினாள். "எத்தின இரிக்கி இப்பிடி?"

"ஒரு நாப்பது வரும்."

"நாப்பதும் என்ட வாயா?"

"கரு உன்ட. வடிவம் என்ட."

"அப்ப இந்தத் தேங்காய்க்கும் வடிவம் உங்கட. வந்து திருவுங்க."

அவர் திருவவில்லை. பக்கத்தில் குந்தினார். வரும் வழியில் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். விழாவுக்கு நதீரா வரவேண்டும். நேயர் கருத்து என்று பெண்கள் பக்கம் மைக் வரும். கையை உயர்த்தி, நான்தான் றுமானா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நேரடி ஒலிபரப்பு. ஒருவராலும் திரும்ப எடுக்க முடியாது. கவிதை வீட்டை விட்டுப் போகாது.

"பொய் இல்லையே நதீரா. பாதி உண்மதானே."

நதீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "மத்தப் பாதி எங்க?" என்றாள்.

இப்றாஹிம் சற்று யோசித்தார்.

"இதயும் எழுதப் போறீங்களா?"

உண்மையில் அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சமையலறையில் கதை நின்றுபோனது. சட்டி அகப்பையோடு கதைத்தது, அவ்வளவுதான். வருவாளா மாட்டாளா என்று நதீரா சொல்லவில்லை. விழாவன்று மத்தியானம் ழுஹர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்கள் பிடித்த வேனில் கறுப்பு அபாயாவோடு அவளும் ஏறியதை இப்றாஹிம் முன்வீட்டு வாசலில் நின்று பார்த்தார்.  வருகிறாள். சொல்லப்போகிறாள். முஸ்பிறா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "வாப்பா, இண்டைக்கு நாங்களும் றேடியோ போடுவம். அப்ராஸும் கேக்கணுமாம்" என்றாள். மருமகன் அப்ராஸ் போனில் வானொலி எப்படிப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தான்.

விழா ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. ஒலிபரப்புக் கருவிகளை வைக்க வேறு இடம் இல்லாமல் மணப்பெண் அலங்கரிக்கும் அறையைக் கொடுத்தார்கள். மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. ஜன்னல் இல்லை. முந்தின நாள் கலியாணத்தின் சவுரி மயிர், வாடிய மல்லிகை, ஊசி, உதட்டுச்சாயம் துடைத்த கடதாசி. எதைத் தொட்டாலும் மினுக்கத் தூள் ஒட்டியது. நடுவில் மிக்சர் இயந்திரத்தை வைத்து இப்றாஹிம் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹெட்போன் மாட்டிய ஒரு வழுக்கைத் தலை அவரை அருவருப்போடு பார்த்தது. மண்டபத்தைப் பார்க்க வழியில்லை. கேட்க மட்டும் முடியும்.

கேட்டார். பிரதம அதிதி பிந்தி வந்ததைக் கேட்டார். வானொலி ஒரு கண், கவிதை மறுகண் என்று ஒருவர் பேசினார். அடுத்தவர் விவசாயமும் ஒரு கண் என்றார். பொன்னாடை போர்த்தும்போது ஜரிகை மைக்கில் உரசிய சத்தம், கரப்பான் நடக்கிற சத்தம். ஏழுகூரைக் குடி ஈன்றெடுத்த தாரகை என்று மீராமுகைதீன் ஹாஜியார் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொன்னார். நேரடி ஒலிபரப்பில் வெட்ட முடியாது. இப்றாஹிம் முழுவதையும் விழுங்கினார்.

பிறகு கமீலா கதவுக் கவிதையைப் படித்தாள். மோசமாகப் படிப்பாள் என்று அவர் நம்பியிருந்தார். 'ஸலாம் சொல்கிறேன்' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. அவளுடைய உம்மா பெண்கள் பக்கத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பாள் என்று இப்றாஹிமுக்குப் பட்டது. 'வாங்க உம்மா'வுக்கு அவர் சொல்லிக்கொடுத்த அழுத்தத்தைக் கொடுத்தாள். மண்டபம் தட்டியது.

சிவரூபினி கையில் மைக்கோடு நடக்கிற சத்தம். "நேயர் கருத்து நேரம். பெண்கள் பக்கம் ஒரு அம்மா கை உயர்த்தியிருக்கா. சொல்லுங்கம்மா."

"கவி நல்லா இரிக்கி."

நதீராவின் குரல். ஹெட்போனுக்குள், காதுக்குள், தலைக்குள். முப்பத்திரண்டு வருடத்தில் அவ்வளவு கிட்ட அவர் அதைக் கேட்டதில்லை. இப்றாஹிம் நிமிர்ந்தார். சொல்லு. நான்தான் என்று சொல்லு.

"ஒரு இடம் பிழ" என்றாள் நதீரா. "மகள் 'வாங்க' எண்டு சொல்லல்ல. ஸலாம் சொன்னதுக்கு உள்ளுக்க இருந்து 'ஆரு?' எண்டு கேட்டாள். 'நான்தான்' எண்டன். திரும்பவும் கேட்டாள், 'நான் எண்டா ஆரு?'"



அப்படித்தான் அவள் அன்று சோறு போடும்போது சொன்னாள். சட்டைப்பைக் கடதாசியில் அப்படித்தான் இருந்தது. 'ஆரு' என்ற சொல் கவிதைக்கு இறங்கவில்லை என்று அன்று நினைத்தார். மகளை நினைத்தும் இருக்கலாம். அடித்துவிட்டு 'வாங்க உம்மா' என்று எழுதியது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது. செப்பனிட்டு ஒன்பது வருடமாக அதையே உண்மை என்று நம்பிவிட்டிருந்தார். முன்வீட்டில் முஸ்பிறாவும் அப்ராஸும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"என்ன கதைக்கிறா இந்தப் பொம்புள!" என்று ஹாஜியாரின் குரல் தூரத்தில் கேட்டது. கமீலாவின் மைக் இன்னும் திறந்திருந்தது. அவள் மிக மெதுவாக, "மாமா, அவ கதைக்கட்டும்" என்றாள்.

கதவு இடிபட்டது. "இப்றாஹிம்! கட் பண்ணுங்க! பாட்டப் போடுங்க!" அப்துல் கபூர்.

சிவரூபினி தடுமாறவில்லை. எத்தனையோ நேயர்களிடம் கேட்டுப் பழகிய கேள்விதான். ஆனால் அந்தக் குரலில் வழக்கமான கோலம் எதுவும் இல்லை. "அம்மா, கேட்டுக்கொண்டிருக்கிற ஆக்களுக்காக ஒருக்காச் சொல்லுங்க. நீங்க ஆரு?"

நேயர் மைக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இப்றாஹிமின் விரல் இருந்தது. கீழே இழுத்தால் அரை விநாடி. பிறகு ஒரு பாட்டு, பிறகு தொழில்நுட்பக் கோளாறு. ஹெட்போனில் மின்விசிறிச் சத்தம். எங்கோ ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது. மைக்கின் அளவுமானியில் அடியில் இருந்த ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தும் எரியாமலும் துடித்தது. கதவு இன்னும் இடிபட்டது. மூன்று கண்ணாடிகளிலும் மூன்று வழுக்கைத் தலைகள் குனிந்து தங்கள் தங்கள் விரலைப் பார்த்தன. எந்த மணப்பெண்ணின் கன்னத்திலிருந்தோ உதிர்ந்த மினுக்கத் தூள் அந்த விரலின் நுனியில் ஒட்டி, பச்சை விளக்கு துடிக்கும்போதெல்லாம் மினுங்கியது.